கென்யாவுக்குப் போகும் பிள்ளை முதலில் படிக்க வேண்டியது

அண்ணாச்சி, மகள் பி.எட். முடித்த கையோடு கென்யாவில் மூன்று மாதம் சம்பளமில்லாமல் பாடம் நடத்தப் போகிறேன் என்று நிற்கிறாள், என்ன ஊசி போட வேண்டும், நம்பி அனுப்பலாமா என்று கேட்டிருந்தீர்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைக் கிளம்புவதற்குப் பத்து நாள் முன்னாலாவது போட்டுவிடுங்கள், திரும்பும்போது நம் விமான நிலையத்தில் அந்தச் சான்றிதழைக் கேட்பார்கள். என் கவலை வேறு. அந்த நாட்டைப் பற்றி என்னம்மா தெரியும் என்று உங்கள் மகளிடம் கேட்டேன். "பாவப்பட்ட ஜனங்க சார், நம்மால முடிஞ்சதைச் செய்யணும்" என்றாள்.

நல்ல மனசுதான். ஆனால் அவர்கள் எப்படி ஏழையானார்கள் என்று தெரியாமல் பாவம் பார்க்கிற டீச்சரை வகுப்புப் பிள்ளைகள் ஒரே நாளில் கண்டுபிடித்துவிடுவார்கள். செழிப்பான மலைநிலத்தை பிரிட்டிஷ்காரர்கள் வெள்ளையருக்கென்றே ஒதுக்கிக்கொண்டார்கள். ஆப்பிரிக்க ஆண்கள் 'கிபாண்டே' என்ற கைரேகை பதித்த அட்டையைத் தகரக் கூட்டில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அலைய வேண்டியிருந்தது. இதைச் சொன்னதும் அவள் முகம் மாறிவிட்டது, ஏனென்றால் நம் தென்மாவட்டங்களின் கைரேகைச் சட்டத்தைப் பற்றிப் பெரியவர்கள் பேசக் கேட்டிருக்கிறாள், ஒரு குற்றமும் செய்யாதவரையும் பிறந்த சாதிக்காகவே ராத்திரி போலீஸ் ஸ்டேஷனில் படுக்கவைத்த சட்டம் அது. நிலம் கேட்டு எழுந்த மாவ் மாவ் போராட்டத்தை ஒடுக்க 1952இல் அவசரநிலை போட்டு ஆட்களை முகாம்களில் அடைத்துச் சித்திரவதை செய்தார்கள். பிரிட்டன் வருத்தம் தெரிவித்து 5,228 பேருக்கு இழப்பீடு தர ஒப்புக்கொண்டது 2013இல்தான்.

அப்புறம், இந்தக் கதையில் நாமும் இருக்கிறோம். ரயில் பாதை போட 1896 முதல் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களைக் கொண்டுபோனார்கள். அங்கே கடை கண்ணி வைத்துத் தங்கிய இந்தியர்களை வெள்ளையருக்குக் கீழே, ஆப்பிரிக்கருக்கு மேலே நடுப்படியில் உட்காரவைத்தது அந்த ஆட்சி. உங்கள் மகளை யாராவது 'முஹிந்தி', அதாவது இந்தியக்காரி, என்று கூப்பிட்டால் அந்தப் பழைய கணக்கும் அதில் இருக்கலாம், அவள் கோபப்படாமல் புரிந்துகொள்ள வேண்டும்.

கருப்பாக இருந்தால் வரன் அமையாது என்று பேசுகிற வீடுகளுக்கு நடுவில், பள்ளிக்கூடப் பிள்ளைகள் கையில் சாதிக்கயிறு கட்டுகிற மாவட்டத்தில் வளர்ந்தவள் அவள். தான் கேட்டு வளர்ந்த இந்தப் பேச்சையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். நீங்களும் கூட உட்காருங்கள் அண்ணாச்சி, கஷ்டமாகத்தான் இருக்கும்.

பணம் கட்டும் முன் அனுப்புகிற அமைப்பிடம் கேளுங்கள்: உள்ளூர் ஆசிரியர் ஒருவரின் வேலையில் இவளை வைக்கிறார்களா, அங்கே யார் சொல்படி நடக்க வேண்டும்? ஆதரவற்ற குழந்தைகள் இல்லம் என்றால் வேண்டவே வேண்டாம், மாதத்துக்கு ஒருவர் வந்து கொஞ்சிவிட்டுப் போனால் அந்தக் குழந்தைகள் என்ன ஆவார்கள்? பிள்ளைகளைப் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைப்பதும் கூடாது. பதில் வந்ததும் அவளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், சேர்ந்து படித்துப் பார்ப்போம்.