எலும்பும் தோலுமாக ஒரு குதிரை: வாங்கிவிடலாமா?

கேள்வி: ஊட்டியில் எங்கள் குடியிருப்புப் பக்கம் ஒரு மாதமாக ஒரு பெண் குதிரை சுற்றுகிறது. எலும்பும் தோலுமாக இருக்கிறது, குப்பைத்தொட்டியைக் கிளறுகிறது. பாவம் பார்த்து நான்கு நாளாகச் சோறும் ஊறவைத்த கொள்ளும் வைக்கிறோம். இப்போது ஒருவர் வந்து, "பன்னிரண்டாயிரம் கொடுத்தால் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் லாரியில் ஏற்றிவிடுவேன்" என்கிறார். வாங்கலாமா? எப்படித் தேற்றுவது?

பதில்: கொள்ளையும் சோற்றையும் இன்றே நிறுத்துங்கள். பணப் பேச்சு அப்புறம்.

வாரக்கணக்கில் பட்டினி கிடந்த குதிரை, தன் கொழுப்பையும் சதையையும் கரைத்துத்தான் உயிரைப் பிடித்து வைத்திருக்கும். அந்த நேரத்தில் மாவுச்சத்து வயிறு முட்ட உள்ளே போனால், இரத்தத்தில் மிச்சமிருக்கும் பாஸ்பரஸ், மக்னீசியம் எல்லாம் மளமளவென்று இறங்கிவிடும். இதயமும் மூச்சும் தடுமாறும். "நன்றாகத்தான் தின்றது, நாலாம் நாள் விழுந்துவிட்டது" என்று சொல்வார்களே, அது இதுதான். உங்கள் குதிரை இன்னும் நிற்கிறது என்றால் நல்லகாலம்.

அமெரிக்காவில், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் பட்டினிக் குதிரைகளுக்குப் பல தீவனங்களைக் கொடுத்து ஒப்பிட்டதில், தேறியது குதிரைமசால் (லூசர்ன்) என்ற தீவனப்பயிர். மேட்டுப்பாளையம், கோவைப் பக்கம் தீவனக்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள். பெரிய குதிரை என்றால் முதல் மூன்று நாள், காய்ந்த குதிரைமசால் நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை அரைக் கிலோ. இரவிலும் எழுந்து வைக்க வேண்டும். சிறிய உடம்பு என்றால் பாதி. நாலாம் நாளிலிருந்து அளவைக் கூட்டி, வேளையைக் குறையுங்கள். பத்து நாளுக்குப் பிறகு தின்கிற மட்டும் கொடுக்கலாம். கிடைக்காவிட்டால் காய்ந்த புல் போதும். தண்ணீர் எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும். பிஸ்கட், வெல்லம், கோயில் பொங்கல் எதுவும் வேண்டாம். குடற்புழு மருந்தையும் நீங்களாக ஊற்றாதீர்கள்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. அதைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். மட்டக்குதிரையோ கழுதையோ, நேற்றுவரை குண்டாக இருந்து திடீரென்று தீவனத்தைத் தொடாமல் நின்றால், "கொஞ்சம் கொஞ்சமாகப் பார்க்கலாம்" என்று காத்திருக்கக் கூடாது. சினையாக இருந்தாலும் குட்டிக்குப் பால் கொடுத்தாலும் ஆபத்து இரட்டிப்பு. உடம்புக் கொழுப்பு மொத்தமாக இரத்தத்தில் இறங்கிக் கல்லீரலை அடைத்துவிடும். இரத்தம் எடுத்து வைத்தால் மேலே தெளியும் நீர் பால்போலக் கலங்கியிருக்கும். இதற்குப் பட்டினிக் கணக்கு பொருந்தாது. அன்றைக்கே மருத்துவர் வர வேண்டும். உங்களுடையது எலும்பும் தோலும் என்கிறீர்கள். ஆனால் வயிறு மட்டும் தொங்கினால் சினையா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

சரி, அந்த ஆள். அவர் சொந்தக்காரர்தானா என்று கேட்டீர்களா? ஏப்ரல், மே சீசனில் சவாரிக்கு ஓட்டி, கூட்டம் குறைந்ததும் தெருவில் அவிழ்த்துவிடுவது அங்கே பழைய வழக்கம். நீங்கள் தரகரிடம் பணம் கொடுத்துத் தேற்றி வைப்பீர்கள். அடுத்த சீசனுக்கு உண்மையான சொந்தக்காரர் வந்து உங்களைத் திருடன் என்பார். அதைவிட மோசம், உங்கள் பன்னிரண்டாயிரம் அடுத்த குதிரைக்கு முன்பணம். இரக்கப்படும் வீடு எது என்று தெரிந்துகொண்டால், இதைவிட மெலிந்த ஒன்றை அவர்கள் அடுத்த வாரமே உங்கள் கேட்டில் கொண்டுவந்து நிறுத்துவார்கள். ஒரே குதிரையின் படத்தைக் காட்டி நாலு இடத்தில் நன்கொடை வாங்கும் ஆட்களையும் பார்த்திருக்கிறேன்.

சொந்தக்காரரே வந்தால் பணமில்லாமல் எழுதி வாங்குங்கள்: "இந்தக் குதிரையை விட்டுக்கொடுக்கிறேன்" என்று, ஆதார் நகலோடு. நிறம், நெற்றியில் வெள்ளை, எந்தக் காலில் வெள்ளை, சுழி எங்கே என்று எல்லாம் அதில் இருக்கட்டும். சுழி சரியில்லை என்று விலை போகாமல் தெருவுக்கு வந்த குதிரைகளும் உண்டு.

லாரி மிரட்டலுக்குப் பயப்படாதீர்கள். பயணத்துக்கு உடல் தகுதி உண்டு என்று கால்நடை மருத்துவர் சான்று இல்லாமல் குதிரையை ஏற்றக் கூடாது என்கிறது 1978ஆம் ஆண்டு விதி. இந்தக் குதிரைக்கு எந்த மருத்துவர் கையெழுத்துப் போடுவார்? இன்றே 1962 என்ற கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணுக்கு அழையுங்கள். இரண்டு பக்கமும் படம் எடுத்து, மருத்துவரிடம் உடல்நிலை எழுதி வாங்கி, காவல் நிலையத்தில் மனு கொடுத்து ரசீது கேளுங்கள். பட்டினி போடுவதும் கைவிடுவதும் 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடைச் சட்டத்தில் குற்றம். வழக்கானால் குதிரையைக் காப்பகத்துக்கு அனுப்ப நீதித்துறை நடுவர் உத்தரவிடலாம்.

அபராதம் எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள். முதல் தடவைக்குப் பத்து ரூபாய் முதல் ஐம்பது ரூபாய் வரை! ஒரு வேளைத் தீவனத்துக்குக் காணுமா? திருத்த வரைவு 2022இல் வந்தது, வந்த இடத்திலேயே கிடக்கிறது. மாவட்டந்தோறும் மிருகவதைத் தடுப்புச் சங்கம் வேண்டும் என்பது 2001ஆம் ஆண்டு விதி. பல இடங்களில் பெயர்ப்பலகையைத் தேடினாலும் கிடைக்காது. ஆனாலும் ரசீதை வாங்கி வையுங்கள், தரகர் ஒதுங்குவதற்கு அதுவே போதும்.

மூக்கில் மஞ்சளாகக் கெட்டியான சளியோ தோலில் கட்டிகளோ தெரிந்தால் தொடாதீர்கள். கிளாண்டர்ஸ் நோய் மனிதருக்கும் தொற்றும். இரத்தப் பரிசோதனைக்கு மருத்துவரிடம் சொல்லுங்கள்.

நொண்டுகிறது என்று யாராவது வலி ஊசியோடு வந்தால் மருந்தின் பெயரைப் பாருங்கள். டைக்ளோஃபெனாக் கால்நடைக்கு 2006இலேயே தடை செய்யப்பட்டது. ஊசி போட்ட குதிரை செத்தால் அதைத் தின்னும் பாறு கழுகும் சாகும். உங்கள் மலைக்குக் கீழே சீகூர்ப் பக்கம்தான் அவை மிச்சமிருக்கின்றன. அதற்குப் பதிலாக மெலாக்சிகாம் என்ற வலி மருந்து இருக்கிறது, அதையும் மருத்துவரே போடட்டும்.