கதவைத் தட்டும் அந்த இரண்டு பையன்கள்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் லீஹைக்குக் குடிவந்து மூன்று மாதம் ஆன ஒரு தங்கை கேட்டிருந்தாள்: "அக்கா, வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சில் கறுப்புப் பெயர்ப்பட்டையோட ரெண்டு பசங்க வந்தாங்க. அவர் ஆபீஸ் போயிருந்தார். உள்ள வாங்கன்னு கூப்பிட்டேன், வரலை, வாசல்லயே நின்னுட்டாங்க. காபி குடுத்தேன், தொடவே இல்லை. நான் ஏதாவது தப்பா செஞ்சுட்டேனா? அடுத்த வாரம் வர்றோம்னு சொல்லிட்டுப் போனாங்க, நானும் சரின்னு தலையாட்டிட்டேன். இனி கதவைத் திறக்கலாமா, கூடாதா?"

நீங்கள் ஒரு தப்பும் செய்யவில்லைம்மா. கதவைத் தாராளமாகத் திறக்கலாம். ஆனால் அந்தத் தலையாட்டலைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அவர்கள் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்துவின் சபையைச் சேர்ந்த மிஷனரிகள். ஊரில் எல்லோரும் 'மார்மன்' என்போம். அந்தச் சொல் வேண்டாம், முழுப் பெயரைச் சொல்லுங்கள் என்று 2018-இல் அவர்கள் சபைத் தலைவரே கேட்டுக்கொண்டார். நீங்கள் குடிவந்திருக்கும் ஊரின் பெயரே அவர்களுடைய மார்மன் புத்தகத்தில் வரும் ஒரு தீர்க்கதரிசியின் பெயர்தான். 1847 ஜூலை 24 அன்று அவர்களுடைய அன்றைய தலைவர் பிரிகாம் யங் சால்ட் லேக் பள்ளத்தாக்குக்குள் வந்தார். அவரோடும் அவருக்குப் பின்னும் வந்தவர்களின் வழிவந்தவர்கள்தான் நம் அக்கம்பக்கத்தில் பலர். அந்த நாளுக்கு இங்கே அரசு விடுமுறையே உண்டு.

வாசலில் நின்றதற்குக் காரணம் எளிது. பெண் மட்டும் தனியாக இருக்கும் வீட்டுக்குள் அந்தப் பையன்கள் நுழையக் கூடாது. அது அவர்களுக்கு விதி. நீங்கள் எவ்வளவு அன்பாகக் கூப்பிட்டாலும் வரமாட்டார்கள். உங்கள் வீட்டுக்காரர் இருக்கும்போது கூப்பிட்டால் செருப்பைக் கழற்றிவிட்டு ஒழுங்காக வந்து உட்காருவார்கள். காபியும் டீயும் அவர்கள் மதத்தில் கிடையாது. மதுவும் புகையிலையும் போலவே அவையும் விலக்கு. வெயில் நாளில் மோர் கொடுங்கள். பனிக்காலத்தில் சூடான பால், மஞ்சள் போட்டோ போடாமலோ. நான் முதல் வருடம் டிகாக்‌ஷன் இறக்கி, நுரை பொங்க ஆற்றிக் கொடுத்தேன். அந்தப் பையன் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று தெரியாமல் நின்றான். அவன் காது சிவந்தது இன்னும் கண்ணில் இருக்கிறது.

அவர்கள் வாழ்க்கையைத் தெரிந்துகொண்டால் உங்களுக்குப் பயம் போய்விடும். நான் இந்தத் தெருவுக்கு வந்தது 2011-இல். அடுத்த வருடம் அக்டோபரில் சபை மாநாட்டில் ஓர் அறிவிப்பு வந்தது: மிஷனுக்கு, அதாவது இந்த மதப் பணிக்கு, ஆண்கள் 19-க்குப் பதில் 18 வயதிலேயே போகலாம், பெண்கள் 21-க்குப் பதில் 19-இல் போகலாம் (2025-இல் பெண்களுக்கும் 18 ஆக்கிவிட்டார்கள்). அன்று காலை எதிர்வீட்டுப் பெண் புல்தரையில் நின்று அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுததைப் பார்த்து, யாரோ இறந்துவிட்டார்கள் என்று நினைத்து ஓடினேன். அவள் சந்தோஷத்தில் அழுதிருக்கிறாள். அவளுக்கு அப்போது 19.

எந்த ஊருக்குப் போவது என்பதை அவர்கள் தேர்ந்தெடுக்க முடியாது. விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். சால்ட் லேக்கில் இருக்கும் தலைமையிடம்தான் முடிவு செய்யும். முன்பெல்லாம் தபாலில் ஒரு பெரிய வெள்ளை உறை வரும். இப்போது கணினியில் வருகிறது. தாத்தா பாட்டி, சித்தப்பா பெரியப்பா, பள்ளித் தோழர்கள் எல்லோரும் கூடத்தில் நிறைந்திருக்க, பிள்ளை சத்தமாக வாசிப்பான். பக்கத்து வீட்டு இளையவன் வாசித்தபோது நாங்களும் இருந்தோம். பிலிப்பைன்ஸ், செபு. செபுவானோ மொழி. அந்த அம்மா சிரித்துக்கொண்டே கைதட்டினாள். பிறகு அடுப்பங்கரைக்குள் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். நான் பின்னாலேயே போனேன். ஒன்றும் பேசவில்லை, தோளில் கை வைத்தேன், அவ்வளவுதான்.

பையன்களுக்கு இரண்டு வருடம், பெண்களுக்கு ஒன்றரை வருடம். சம்பளம் என்று ஒரு காசு கிடையாது. அவர்களோ குடும்பமோதான் மாதாமாதம் பணம் கட்ட வேண்டும். எந்த நாட்டுக்குப் போனாலும் இங்கிருந்து போகிறவர்களுக்குக் கட்டும் தொகை ஒன்றுதான். புல் வெட்டியும் பீட்சாக் கடையில் நின்றும் பன்னிரண்டு வயதிலிருந்தே அதற்காகச் சேர்க்கிற பிள்ளைகளை இந்தத் தெருவில் பார்க்கிறேன்.

முதலில் பயிற்சி. இங்கிருந்து போகிறவர்களில் பலருக்கு அது பக்கத்து ஊரான புரோவோவில் இருக்கும் மையத்தில். புது மொழி என்றால் ஆறிலிருந்து ஒன்பது வாரம். அதற்குள் ஒரு மொழியில் கும்பிடவும் பேசவும் பாடம் சொல்லவும் கற்க வேண்டும். அந்த வேகத்தை நினைத்தால் எனக்குத் தலை சுற்றுகிறது. நான் இங்கே வந்து கடையில் 'தயிர் எங்கே இருக்கிறது' என்று கூச்சமில்லாமல் கேட்கவே நாலு மாதம் ஆனது.

பயிற்சி முடிந்து போனதும் நாள் முழுக்கக் கட்டுப்பாடுதான். பொதுவாகக் காலை ஆறரைக்கு எழ வேண்டும், இரவு பத்தரைக்கு விளக்கணைக்க வேண்டும். உடற்பயிற்சி, காலை உணவு, வேதம் வாசிப்பு, மொழிப் படிப்பு, பிறகு வெளியே. வீடு வீடாகத் தட்டுவது, பஸ் நிறுத்தத்தில் பேசுவது, யாராவது வீடு மாற்றினால் சோபா தூக்குவது, கிழவிகளின் வாசலில் பனி அள்ளுவது. நாங்கள் இந்த வீட்டுக்கு மாறியபோது எங்கள் கிரைண்டரை மாடிப்படியில் ஏற்றியது இரண்டு மிஷனரிகள்தான். அந்தக் கல்லின் கனத்தைப் பார்த்து இது என்ன இயந்திரம் என்று கேட்டார்கள். அடுத்த வாரம் இட்லி கொடுத்து விளக்கினேன்.

தனியாக இருக்கவே முடியாது. இரண்டு பேர் சேர்ந்தேதான் இருக்க வேண்டும். ஒருவர் பார்வையில் ஒருவர், இருபத்துநாலு மணி நேரமும். கம்பானியன் என்பார்கள். யாருடன் யார் என்பதை மிஷன் தலைவர் முடிவு செய்வார். பிடிக்கிறதோ இல்லையோ, ஒரே அறை, ஒரே சமையல். பெரும்பாலும் ஆறு வாரத்துக்கு ஒருமுறை மாற்றல் வரும். ஆள் மாறலாம், ஊரும் மாறலாம். சினிமா கிடையாது, காதல் கிடையாது. பெயர் சொல்லிக்கூடக் கூப்பிட மாட்டார்கள். எல்டர் என்று குடும்பப் பெயரோடு சேர்த்துத்தான். பெண்கள் என்றால் சிஸ்டர். எல்டர் என்றால் மூத்தவர். மீசை அரும்பாத பையனை அப்படிக் கூப்பிட முதலில் எனக்கு வாய் வரவில்லை. பழகிவிட்டது.

வாரத்தில் ஒரு நாள், பெரும்பாலும் திங்கள்கிழமை, துணி துவைக்கவும் சாமான் வாங்கவும் வீட்டுக்குப் பேசவும். இந்த வீட்டுக்குப் பேசுவதில்தான் பெரிய மாற்றம் வந்திருக்கிறது. பக்கத்து வீட்டு மூத்தவன் பிரேசிலில் இருந்த காலத்தில் வாரம் ஒரு மின்னஞ்சல். குரல் கேட்பது வருடத்துக்கு இரண்டே தடவை, கிறிஸ்துமஸ், அன்னையர் தினம். அன்னையர் தினத்துக்கு முதல் நாள் அவன் அம்மா வீட்டையே துடைத்து வைப்பாள், பிள்ளை நேரில் வருகிற மாதிரி. 2019 பிப்ரவரியிலிருந்து வாராவாரம் முகம் பார்த்துப் பேசலாம் என்று விட்டுவிட்டார்கள். இளையவன் செபுவில் திங்கள் காலை எட்டு மணிக்குக் கூப்பிட்டால் இங்கே குளிர்காலத்தில் ஞாயிறு மாலை ஐந்து. அந்த ஐந்து மணிக்கு அவள் வீட்டு அழைப்பு மணியை நான் அழுத்தவே மாட்டேன். என் அம்மா கோயம்புத்தூரில் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த ஞாயிற்றுக்கிழமைகள் எனக்குத் தெரியும்.

அந்த இளையவன் திரும்பி வந்ததைச் சொல்ல வேண்டும். சால்ட் லேக் விமான நிலையத்தில் வரவேற்பவர்கள் காத்திருப்பதற்கென்றே ஒரு பெரிய கூடம் இருக்கிறது. பலூன், பதாகை, அழுகை, சிரிப்பு. வந்த வாரமே எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தான். போவதற்கு முன்பு முள்கரண்டி கேட்பவன், இப்போது கையைக் கழுவிக்கொண்டு வந்து, சாதத்தை விரல் நுனியால் கூட்டி, கட்டைவிரலால் தள்ளிச் சாப்பிட்டான். செபுவில் அவன் போன வீடுகளில் அப்படித்தானாம். வாளித் தண்ணீரில் குளித்தான், கையால் துணி துவைத்தான், மூன்று வேளையும் சோறு. "அங்க யாரும் பணக்காரங்க இல்ல. ஆனா எங்களுக்குச் சாப்பாடு போடாம அனுப்பினதே இல்ல" என்றான். எத்தனை பேரை மதம் மாற்றினாய் என்று என் வீட்டுக்காரர் கேட்டுவிட்டார். அவன் கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். பிறகு, ஒரு மூதாட்டிக்குக் கூரை வேய உதவியதைப் பற்றிப் பேசினான்.

எல்லோருக்கும் இப்படி அமைவதில்லை. இதே தெருவில் இன்னொரு பையன் ஏழாவது மாதமே திரும்பிவிட்டான். மனப்பதற்றம், தூக்கமில்லை. அவனுக்கு விமான நிலையத்தில் பதாகை இல்லை. மூன்று வாரம் அவன் வாசலுக்கே வரவில்லை. பார்க்கிறவர்கள் எல்லாம் "ஏன் சீக்கிரம் வந்துட்ட?" என்றுதான் கேட்டார்கள், நல்ல மனசோடுதான் கேட்டார்கள், அதனாலேயே அவனுக்கு இன்னும் வலித்திருக்கும். எனக்கு அதில் கோபம் உண்டு. பதினெட்டு வயதில் ஒரு பிள்ளை முடியவில்லை என்று சொல்லி வீடு திரும்பியதைத் தோல்வியாகப் பார்க்கக் கூடாது. பிறகு அவன் வீட்டிலிருந்தபடியே சேவை மிஷன் செய்தான். அப்படி ஒரு வழியும் இருக்கிறது. உங்கள் தெருவில் அப்படி யாராவது திரும்பி வந்தால், காரணம் மட்டும் கேட்காதீர்கள்.

உங்கள் மகனைப் பற்றியும் கவலை இருக்கும், நீங்கள் எழுதவில்லை என்றாலும். நண்பர்கள் மிஷன் மிஷன் என்று பேசுவார்கள், சபைக் கட்டடத்தில் இருக்கும் கூடைப்பந்துத் திடலுக்குக் கூப்பிடுவார்கள். போகட்டும், விளையாடட்டும். பெற்றோர் சம்மதம் இல்லாமல் 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்க மாட்டார்கள். என் மகள் இந்தப் பிள்ளைகளோடுதான் வளர்ந்தாள். சவுத் ஜோர்டன் கணேசர் கோயிலில் கொழுக்கட்டை பிடிக்க இப்போதும் அவள்தான் முதல் ஆள்.

இனி அந்தத் தலையாட்டல். நம் ஊரில் 'பார்க்கலாம்' என்றால் வேண்டாம் என்று அர்த்தம். கேட்டவருக்கும் அது தெரியும். இவர்களுக்குத் தெரியாது. நீங்கள் 'அடுத்த வாரம் பார்க்கலாம்' என்றால் கைபேசியில் நாளும் நேரமும் குறித்துக்கொள்வார்கள். இரவு உங்கள் பெயரைச் சொல்லி ஜெபம் செய்வார்கள். நான் முதல் குளிர்காலத்தில் ஒரு ஜோடியிடம் மூன்று முறை 'பார்க்கலாம்' சொன்னேன். நாலாவது முறை, சொன்ன நேரத்துக்கு மணி அடித்தது. நான் விளக்கை அணைத்துவிட்டு மகளின் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தேன். ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்தேன். பனி கொட்டுகிறது. இரண்டு பேரும் பத்து நிமிடம் நின்றார்கள். போகும்போது எங்கள் படிக்கட்டிலிருந்த பனியைக் காலால் ஒதுக்கிவிட்டுப் போனார்கள். அன்று நான் செய்தது பாவம் என்றே இன்றுவரை நினைக்கிறேன்.

அதனால் நேராகச் சொல்லிவிடுங்கள். "நாங்கள் இந்துக்கள், எங்கள் சாமி எங்களுக்குப் போதும், பாடம் வேண்டாம். தாகமாக இருந்தால், பசியாக இருந்தால், என் வீட்டுக்காரர் இருக்கும் நேரம் வாருங்கள்." இவ்வளவு போதும். முகம் கொஞ்சம் வாடும். ஆனால் நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள். நாள் முழுக்க முகத்தில் கதவு அறைபடுகிறவர்களுக்குத் தெளிவான ஒரு சொல் ஆறுதல்தான் என்று இளையவனே என்னிடம் சொல்லியிருக்கிறான். மாற்றலில் புது ஆட்கள் வந்தால் மறுபடி ஒரு தடவை சொல்ல வேண்டியிருக்கும், சலித்துக்கொள்ளாதீர்கள்.

இப்போது எங்கள் பகுதியில் இருப்பவர்களில் ஒருவன் ஐடஹோ மாநிலத்துக்காரன், அப்பா உருளைக்கிழங்கு விவசாயி. இன்னொருவன் டோங்காத் தீவுக்காரன். பனியை வாழ்க்கையில் முதல் தடவை பார்த்ததே இங்கேதான். ஐடஹோக்காரன் என் உருளைக்கிழங்கு வறுவலை நாலு தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, அப்பாவுக்கு அனுப்ப வேண்டும் என்று செய்முறை எழுதிக்கொண்டான். டோங்காக்காரன் சாப்பிட்டு முடித்ததும் பாட்டுப் பாடினான், அம்மா பாடும் பாட்டாம்.

வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு இரண்டு பேரும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருகிறார்கள். ஒரு மணி நேரம்தான் இருப்பார்கள். உங்கள் வீட்டுக்காரரையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். நீங்கள் சொல்ல வேண்டியதை அங்கேயே சொல்லிவிடலாம், நான் பக்கத்தில் இருப்பேன். வறுவலும் ரசமும் நான் வைக்கிறேன். தயிர்சாதம் மட்டும் கிளறிக்கொண்டு வாருங்கள், பச்சைமிளகாய் போடாமல்.