கொள்ளுப்பாட்டி பெயரில் ஒரு சான்றிதழ்

அன்புள்ள கேள்வி-பதில் அம்மாவுக்கு,

எனக்கு வயது 18. இரண்டாம் முறை நீட் எழுதியும், பி.சி. பிரிவில் அரசுக் கல்லூரி எம்.பி.பி.எஸ். கிடைக்கிற அளவுக்கு மதிப்பெண் வரவில்லை. "உங்க கொள்ளுப்பாட்டி கொண்டாரெட்டி பழங்குடிதானே, எஸ்.டி. சான்றிதழ் வாங்கிடலாம்" என்று ஒரு புரோக்கர் சொல்ல, அப்பா முன்பணமும் கொடுத்துவிட்டார். அந்தப் பாட்டி ஆந்திரப் பக்கத்திலிருந்து வந்தவர் என்பதைத் தவிர வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாது. "முழுப் பொய் இல்லையேம்மா" என்கிறார் அப்பா. அடுத்த வாரம் கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்க வேண்டும். தூக்கம் இல்லை, சோறு இறங்கவில்லை. வேண்டாம் என்றால் அப்பா உடைந்துபோவார். நான் என்ன செய்ய?

- பெயர் வெளியிட விரும்பாத மகள்

அன்பு மகளுக்கு,

மாட்டிக்கொள்வோமோ என்ற பயம், அப்பாவின் முகம் வாடுமே என்ற தவிப்பு, இரண்டும் சேர்ந்து உன்னைத் தூங்கவிடாமல் செய்கின்றன. முதலாவது நியாயமான பயம். அதை ஆறுதல் சொல்லி ஆற்றப்போவதில்லை.

பிள்ளைகளுக்குப் பொதுவாகத் தந்தையின் சாதிதான். கலப்புத் திருமணம் என்றால் தாயின் சாதியைக் கேட்கவும் தமிழ்நாட்டில் வழி உண்டு. ஆனால் அது கொள்ளுப்பாட்டி வரை நீளாது. எஸ்.டி. சான்றிதழ் கோட்டாட்சியர் மட்டத்தில் தரப்படுவது. வாங்கினாலும் கதை முடியாது. 1994-இல் மாதுரி பாட்டீல் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த முறைப்படி, மாநிலக் கூர்நோக்குக் குழு அதைச் சரிபார்க்கும். விசாரணைக்கு ஊருக்கே ஆள் வரும். அப்பா படித்த தொடக்கப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு, தாத்தா காலத்துப் பத்திரம், சித்தப்பா பிள்ளைகளின் சான்றிதழ் எல்லாம் கேட்பார்கள். 1950-க்கு முந்தைய ஆவணத்துக்கு மதிப்பு அதிகம். குலதெய்வம், கல்யாணச் சடங்கு, சாவுச் சடங்கு பற்றியும் கேள்வி வரும். உங்கள் வீட்டுப் பழைய பதிவேடு எதிலாவது பி.சி. சாதிப் பெயர் இருந்தால் அங்கேயே சிக்கல்தான்.

விசாரணை வருடக்கணக்கில் இழுப்பதுதான் இதில் கொடுமை. நீ ஹவுஸ் சர்ஜனாக இருக்கும்போதுகூடக் கடிதம் வரலாம். பொய்ச் சான்றிதழில் கிடைத்த இடத்தை, ஏமாற்றும் எண்ணம் இல்லை என்று சொல்லியும் தக்கவைக்க முடியாது என்பது 2017-இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. விண்ணப்பத்தின் உறுதிமொழியில் இருப்பது உன் கையெழுத்து. புரோக்கர் பெயர் எங்கும் இருக்காது.

இன்னொன்று. தமிழ்நாட்டில் எஸ்.டி. ஒதுக்கீடு 1 சதவீதம். அந்தச் சான்றிதழுக்காக நிஜமான பழங்குடிப் பிள்ளைகள் வருடக்கணக்கில் அலைகிறார்கள். போலிகள் பெருகப் பெருக அவர்களைத்தான் கூடுதலாகச் சந்தேகிக்கிறார்கள். உன் உறுத்தல் வெறும் கோழைத்தனம் இல்லை.

இனி அப்பா. வேலை முடித்து அலுத்து வரும் இரவு நேரத்தில் பேசாதே. "இது தப்புப்பா" என்று ஆரம்பித்தால், "உனக்காகத்தானே செய்தேன்" என்பார். பேச்சு அங்கேயே முறிந்துவிடும். அவருடைய பழைய டி.சி., உன் டி.சி. இரண்டையும் எடுத்து முன்னால் வை. "அப்பா, விசாரணைக்கு வர்றவங்க இதைக் கேட்டா நாம என்ன காட்டுவோம்?" என்று கேள். அதற்கு மேல் பேசாமல், அவர் யோசிக்கட்டும் என்று விட்டுவிடு. முன்பணம் போய்விடும் என்ற கோபம் வரும். அது உன்மேல் வந்த கோபம் இல்லை. அவர் மதிக்கிற ஒரு பெரியவர், மாமாவோ ஆசிரியரோ, கூட இருந்தால் நல்லது. கையோடு மாற்று வழியும் சொல்: கால்நடை மருத்துவம், சித்தா, பி.எஸ்சி. நர்சிங், பி.பார்ம். எதற்கு உன் மதிப்பெண்ணில் வாய்ப்பிருக்கிறது என்று போன வருட கட்-ஆஃப் பார்த்து ஒரு தாளில் எழுதிக்கொண்டு போ. வெறுங்கையோடு 'வேண்டாம்' என்று சொன்னால்தான் அவர் உடைவார்.

விண்ணப்பத்தை நீயே நிரப்பு. பாஸ்வேர்டும் ஓ.டி.பி. வரும் போனும் உன்னிடம் இருக்கட்டும். ஏற்கெனவே எஸ்.டி. என்று பதிவாகியிருந்தால், தரவரிசைப் பட்டியல் வருவதற்குள் தேர்வுக் குழுவுக்கு எழுதித் திருத்தக் கேள். தூக்கமின்மை இரண்டு வாரம் தாண்டினாலோ, சாக வேண்டும் என்ற எண்ணம் ஒருமுறை தலைகாட்டினாலோ, உடனே 14416 அல்லது 104 என்ற உதவி எண்ணை அழை. இரண்டிலும் தமிழிலேயே பேசலாம்.