கேட்டு வாங்குங்கள்: கூகுளில் நம்ம கடை எங்கே?

மே மாதக் கூட்டம் இறங்கி மழை பிடித்துக்கொண்டதும் நம் மலையில் இரண்டு வேலை நடக்கும். ஒழுகுகிற தகரத்துக்குத் தார் பூசுவது ஒன்று. 'பக்கத்து வீட்டு ஹோம்ஸ்டே நிறைந்திருந்ததே, நமக்கு ஏன் ஆள் வரவில்லை' என்று கணக்குப் பார்ப்பது இன்னொன்று. இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இரண்டாவது வகை. வெப்சைட் இருக்கிறது, கூகுளில் தெரியவில்லை. எஸ்.இ.ஓ. (தேடலில் தளத்தை மேலே கொண்டுவரும் வேலை) செய்து தெரியவைக்கிறேன் என்று ஒருவர் பணம் கேட்கிறார், அல்லது வாங்கிக்கொண்டு போய்விட்டார். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். வசவுகளை எடுத்துவிட்டேன்.

*

கேள்வி: 90 நாளில் கூகுள் முதல் பக்கம், அதுவும் முதலிடம், எழுத்துப்பூர்வ உத்தரவாதம், ரூ.35,000 என்கிறார்கள். கொடுக்கலாமா? (ஹோம்ஸ்டே நடத்துபவர், கோத்தகிரி)

பதில்: வேண்டாம். முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது.

*

கேள்வி: உத்தரவாதப்படி முதலிடம் வந்துவிட்டது என்று ஸ்கிரீன்ஷாட் அனுப்பி மீதிப் பணம் கேட்கிறார் எஸ்.இ.ஓ. செய்தவர். ஆனால் நான்கு மாதத்தில் ஒரு ஆர்டர்கூட இல்லை. 'டொமைன் அதாரிட்டி 6 லிருந்து 24 ஆகிவிட்டது' என்றும் சொல்கிறார். (தேயிலைத் தூள் விற்பவர், குன்னூர்)

பதில்: நீங்கள் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மேலே தேடல் பெட்டியில் என்ன தட்டியிருக்கிறார், கவனித்தீர்களா? உங்கள் கடைப் பெயர், தெருப் பெயர், 'கையால் சுருட்டிய' என்று ஒரு முழு வாக்கியம். அப்படித் தேடுகிறவர் உலகத்திலேயே அவர் ஒருவர்தான். ஒரே ஆள் ஓடிய பந்தயத்தில் முதல் பரிசு வாங்கித் தந்திருக்கிறார்.

டொமைன் அதாரிட்டி என்பது கூகுளின் எண்ணே அல்ல. மாஸ் என்ற தனியார் நிறுவனம் தன் கணக்குக்குப் போடும் மதிப்பெண். கூகுள் அதைப் பார்த்து யாரையும் மேலே ஏற்றுவதில்லை.

ஸ்கிரீன்ஷாட்டைத் திருப்பி அனுப்பிவிட்டு, சர்ச் கன்சோலைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். கூகுள் இலவசமாகத் தரும் கருவி அது. யார் என்ன சொல்லைத் தட்டியபோது உங்கள் தளம் கண்ணில் பட்டது, எத்தனை பேர் உள்ளே வந்தார்கள் என்று 16 மாதக் கணக்கு அதில் இருக்கும். கடைப் பெயரைத் தவிர்த்து 'நீலகிரி டீத்தூள்' மாதிரியான சொற்களுக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று கேளுங்கள். பதிலைப் பொறுத்து மீதிப் பணம்.

*

கேள்வி: நாயுடுபுரத்தில் வீட்டின் இரண்டு அறைகளை வாடகைக்கு விடுகிறேன். 'கூகுளிலிருந்து பேசுகிறோம், இன்றைக்குள் பணம் கட்டாவிட்டால் உங்கள் இடம் மேப்பிலிருந்து நீக்கப்படும்' என்று போன் வந்தது. பயந்துபோய் ரூ.4,999 அனுப்பிவிட்டேன். இப்போது போனுக்கு வந்திருக்கும் நம்பரைச் சொல்லச் சொல்கிறார்கள். மகன் திட்டுகிறான். (62 வயது வாசகி, கொடைக்கானல்)

பதில்: அம்மா, இந்தப் பக்கத்தை முதலில் மகனிடம் காட்டுங்கள். தம்பி, திட்டு வாங்கவேண்டிய ஆள் உங்கள் வீட்டில் இல்லை. போனில் அதட்டிப் பேசியே பிழைக்கிறவர்களிடம் படித்தவர்கள், வங்கியில் வேலை பார்த்தவர்கள் எல்லாரும்தான் விழுகிறார்கள்.

அந்த நம்பரை மட்டும் எந்தக் காரணம் கொண்டும் சொல்லாதீர்கள். அது சாவி. சொன்ன நிமிடம் உங்கள் இடத்தின் பக்கம் அவர்கள் கைக்குப் போய்விடலாம். பிறகு உங்கள் போன் நம்பரை எடுத்துவிட்டு அவர்கள் நம்பரைப் போடுவார்கள், வருகிற விருந்தாளியின் முன்பணம் அங்கே போகும்.

மேப்பில் இடம் காட்டுவதற்குக் கூகுள் ஒரு பைசா வாங்குவதில்லை. பிசினஸ் புரொஃபைல் என்று பெயர், முழுக்க இலவசம். இன்றே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணைக் கூப்பிட்டுப் புகார் சொல்லுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அந்த அளவுக்குப் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. அப்புறம் மகனை உட்காரவைத்து, அந்தப் புரொஃபைலில் யார் யாருக்கு அனுமதி இருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். தெரியாத பெயர் இருந்தால் நீக்கிவிடலாம். திட்டியதற்குப் பரிகாரமாக இருக்கட்டும்.

*

கேள்வி: கீவேர்ட் (ஆட்கள் தேடும் சொல்) ஒன்றுக்கு ரூ.200 வீதம் 60 கீவேர்டை, தளத்துக்குள் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் 'மெட்டா கீவேர்ட்ஸ்' பகுதியில் சேர்த்துத் தருகிறாராம். மலிவுதானே? (சாக்லேட் கடை, ஊட்டி)

பதில்: தரவரிசைக்கு அந்தப் பகுதியைப் பார்ப்பதே இல்லை என்று கூகுள் 2009-லேயே சொல்லிவிட்டது. 12,000 ரூபாய்க்கு நல்ல கோகோ வாங்குங்கள்.

*

கேள்வி: தைலம் விற்கும் சிறு கடை. வெப்சைட் செய்து, எஸ்.இ.ஓ.வும் பார்த்துவந்த நபரிடம் 'இனி மாதச் சந்தா வேண்டாம்' என்றேன். மறுநாளே தளம் போய்விட்டது. டொமைன் (தளத்தின் முகவரி) தன் பெயரில்தான் இருக்கிறது, ரூ.40,000 தந்தால் மாற்றித் தருகிறேன் என்கிறார். ஏழு வருடமாக எல்லாப் பாட்டிலிலும் அந்த முகவரிதான் அச்சாகியிருக்கிறது. (ஊட்டி)

பதில்: இந்தக் கடிதத்துக்காகத்தான் காத்திருந்தேன் என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். இது எனக்குப் பழைய வயிற்றெரிச்சல்.

வீடு கட்டித் தருகிற மேஸ்திரி, 'பத்திர ஆபீசுக்கு அலையவேண்டாம் சார், நானே பார்த்துக்கறேன்' என்று இடத்தைத் தன் பெயரில் பதிந்துகொண்டால் ஊர் கூடி உதைக்கும். வெப்சைட் விஷயத்தில் அதையே செய்தால் 'டெக்னிக்கல் விஷயம், அவருக்குத்தான் தெரியும்' என்று விட்டுவிடுகிறோம். ஒரு டொமைனுக்கு வருடச் செலவு ஆயிரம் ரூபாயைச் சுற்றித்தான். அந்த ஆயிரத்தைத் தானே கட்டி, பதிவுக் கணக்கைத் தன் ஈமெயிலில் திறந்துகொள்வதுதான் இவர்களின் உண்மையான வியாபாரம். எஸ்.இ.ஓ. எல்லாம் மேல்பூச்சு. பிணைக்கைதி உள்ளே இருக்கும்வரை சந்தா வந்துகொண்டே இருக்கும். எல்லோரும் வேண்டுமென்று செய்வதில்லை, சோம்பலில் செய்கிறவர்களும் உண்டு. விளைவு ஒன்றுதான்.

இதைப் படிக்கிற மற்றவர்கள் இன்றிரவே பாருங்கள். டொமைன் வாங்கிய கணக்கு யாருடைய ஈமெயிலில், யாருடைய போன் நம்பரில் இருக்கிறது? தளத்தின் கோப்புகள் இருக்கும் ஹோஸ்டிங் கணக்கு? சர்ச் கன்சோலில் உரிமையாளர் யார்? மேப் புரொஃபைலில் முதன்மை உரிமையாளர் யார்? நான்கும் உங்கள் பெயரில் இருக்கவேண்டும். வேலை செய்கிறவருக்குத் தனி அனுமதி கொடுக்கலாம், வேலை முடிந்ததும் எடுத்துவிடலாம். அதற்கான வசதி எல்லாக் கருவியிலும் இருக்கிறது. 'ஓனர் அக்சஸ் எனக்குத்தான் வேண்டும்' என்று ஒருவர் பிடிவாதம் பிடித்தால் அந்த ஆள் வேண்டாம்.

சரி, உங்கள் விஷயம். முதலில் ஹூஸ் (டொமைன் பதிவு விவரத்தைக் காட்டும் வசதி) தேடலில் முகவரியைப் போட்டு, எந்த நிறுவனத்தில் பதிவாகியிருக்கிறது, எப்போது காலாவதியாகிறது என்று பாருங்கள். ஏழு வருடத்தில் அவருக்குப் பணம் அனுப்பிய ரசீது, 'டொமைன் புதுப்பிக்க' என்று அவர் கேட்ட வாட்ஸாப் செய்தி, அச்சான லேபிள் எல்லாவற்றையும் திரட்டுங்கள். ஒரு வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். இப்படிப்பட்டவர்களில் பலர் நோட்டீஸைக் கண்டதும் இறங்கி வருவார்கள். உங்கள் முகவரி டாட் இன்னில் முடிந்தால் அதற்கென்றே, டாட் இன் முகவரிகளை நிர்வகிக்கும் நிக்சியின் கீழ் ஒரு நடுவர் முறை இருக்கிறது. ஆனால் செலவு பிடிக்கும், அந்தப் பெயரில் உங்களுக்கு உரிமை உண்டு என்று நிரூபிக்கவும் வேண்டும்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போகவேண்டும். ஒரு சிக்கல் உண்டு. வியாபாரத்துக்கு வாங்கிய சேவை, ஆகவே நீங்கள் நுகர்வோர் அல்ல என்று அவர் வாதிடுவார். பிழைப்புக்காகச் சுயதொழில் செய்கிறவருக்குச் சட்டம் விலக்கு தருகிறது. ஆனால் பழைய 1986 சட்டத்தில் அந்த விலக்கில் பொருள், சேவை இரண்டும் இருந்தன. 2019 சட்டத்தில் பொருள் மட்டும்தான் இருக்கிறது. அதனால் வக்கீலிடம் காட்டாமல் மனு போடாதீர்கள்.

நாற்பதாயிரத்தைத் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். (ஊட்டியிலேயே வளர்ந்த நான் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் கலப்படத் தைலம் வாங்கி ஏமாந்திருக்கிறேன். உங்கள் கடை என்றால் அப்படி நடந்திருக்காது என்று நம்புகிறேன்.)

*

கேள்வி: ரூ.2,999-க்கு 5,000 பேக்லிங்க் (வேறு தளங்களிலிருந்து நம் தளத்துக்கு இணைப்பு) வாங்கினேன். பலன் இல்லை. போதவில்லையோ என்று இன்னொரு 10,000 வாங்கினேன். இப்போது முன்பைவிடக் கீழே போய்விட்டது. எங்கே புகார் செய்வது? (நறுமணப் பொருள் வியாபாரி, கூடலூர்)

பதில்: கேட்டது பேக்லிங்க், கிடைத்தது பேக்லிங்க். யார் மேல் புகார்? முதல் தடவை தெரியாமல் வாங்கினீர்கள், பரவாயில்லை. கசந்த மருந்தை இரட்டை டோஸ் குடித்துவிட்டு என்னிடம் வருகிறீர்கள்.

இணைப்பை விலைக்கு வாங்குவது கூகுள் விதிகளுக்கு விரோதம். 2012-ல் கூகுள் தரவரிசை முறையில் பெங்குவின் என்ற மாற்றம் வந்தபோதே இந்தக் கடை சரிந்துவிட்டது. இப்போது பெரும்பாலும் அந்தக் குப்பை இணைப்புகளைக் கூகுள் கண்டுகொள்வதில்லை. சில சமயம் தண்டனையும் தரும். சர்ச் கன்சோலில் 'மேனுவல் ஆக்‌ஷன்ஸ்' என்ற பகுதியில் ஏதாவது எழுதியிருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் வேறு காரணத்தால் இறங்கியிருக்கிறது.

உங்களிடம் மிளகு வாங்கும் ஓட்டல்காரரின் தளத்தில் 'எங்கள் மிளகு கூடலூரில் இன்னாரிடமிருந்து' என்று ஒரு வரி, ஒரு இணைப்பு. அந்த ஒன்று உங்களுடைய 15,000-க்கும் மேல்.

*

கேள்வி: தளம் திறந்து ஆறு மாதம். கடைப் பெயரை அப்படியே தட்டினாலும் கூகுளில் வரவில்லை. எஸ்.இ.ஓ. பேக்கேஜ் எடுத்தால் வருமா? (மலைப்பூண்டு விற்பவர், பூம்பாறை)

பதில்: பொறுங்கள், இங்கே நானே பணம் கட்டிப் பாடம் படித்திருக்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் வீட்டில் பிளம்ஸ் ஜாம் போட்டு விற்கலாம் என்று ஒரு தளம் திறந்தோம். ஆள் வரவில்லை. எஸ்.இ.ஓ.வுக்கு ஒருவரைப் பிடித்து மாதம் 3,000 வீதம் ஆறு மாதம் கொடுத்தேன். மாதாமாதம் கலர் கலராக வரைபடத்தோடு ரிப்போர்ட் வந்தது. ஏழாவது மாதம், வேறு எதற்கோ, தளம் கட்டிய மென்பொருளான வேர்ட்பிரஸின் செட்டிங்ஸைத் திறந்தபோதுதான் பார்த்தேன். 'ரீடிங்' பகுதியில் ஒரு சின்னப் பெட்டி, அதில் டிக். தேடுபொறிகளே, இந்தத் தளத்தைச் சேர்க்காதீர்கள் என்று அதற்கு அர்த்தம். தளம் கட்டும்போது போட்ட டிக்கை எடுக்க மறந்திருக்கிறார்கள். உள்ளே பூட்டிய கடைக்கு 18,000 ரூபாய் கொடுத்து போர்டு எழுதியிருக்கிறேன். அந்த வரைபடங்கள் எதைத்தான் வரைந்தன என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

ஆகவே பேக்கேஜ் இருக்கட்டும். கூகுளில் ஆங்கிலத்தில் 'சைட்' (site) என்று எழுதி, முக்காற்புள்ளி (:) வைத்து, இடைவெளி விடாமல் உங்கள் தள முகவரியைப் போடுங்கள். ஒன்றுமே வராவிட்டால் அந்த டிக்கைத் தேடுங்கள். அது இல்லையென்றால், எதைப் படிக்கலாம் என்று தேடுபொறிகளுக்குச் சொல்லும் ரோபோட்ஸ் கோப்பில் தளம் முழுவதையும் தடுத்திருக்கிறதா என்று தெரிந்தவரைப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டும் ஐந்து நிமிட வேலை.

*

கேள்வி: கூகுளில் விளம்பரம் கொடுத்தால் சாதாரணத் தேடலிலும் மேலே வருவோமா? (டாக்சி ஓட்டுநர், குன்னூர்)

பதில்: வரமாட்டீர்கள். இரண்டும் தனித்தனி. பணம் நின்றால் விளம்பரமும் நின்றுவிடும்.

*

கேள்வி: செலவழிக்க ஒன்றும் இல்லை. நானே என்ன செய்யலாம்? (ஹோம்ஸ்டே, கோத்தகிரி)

பதில்: இப்படிக் கேட்கிறவர்களுக்குத்தான் பதில் எழுத ஆசையாக இருக்கிறது.

உங்கள் தளத்தைப் பார்த்தேன். முதல் பக்கத்தின் தலைப்பு 'ஹோம்' என்று இருக்கிறது. எந்த ஊர், என்ன இடம் என்று அதில் எழுதுங்கள். அறை விவரம், வாடகை, சாப்பாடு எல்லாம் ஒரே போஸ்டர் படமாக இருக்கிறது. படத்துக்குள் எழுதியதைக் கூகுள் சரியாகப் படிக்கும் என்று நம்பி உட்காராதீர்கள், எழுத்தாகவே போடுங்கள். படங்கள் ஒவ்வொன்றும் 7, 8 எம்.பி. நம் மலையில் சிக்னல் கிடைக்கும் லட்சணத்துக்கு அதைத் திறப்பதற்குள் விருந்தாளி மேட்டுப்பாளையம் திரும்பிவிடுவார். சுருக்கிப் போடுங்கள்.

அப்புறம், போனில் ஆட்கள் என்னென்ன கேட்கிறார்கள் என்று ஒரு மாதம் நோட்டில் எழுதுங்கள். டெம்போ டிராவலர் வாசல்வரை வருமா? மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி வழியா, குன்னூர் வழியா? டிசம்பரில் ஹீட்டர் உண்டா? 2024 மே முதல் வந்த இ-பாஸ் எப்படி எடுப்பது? பிளாஸ்டிக் பாட்டில் கொண்டுவரலாமா? போனில் கேட்பதைத்தான் கூகுளிலும் கேட்கிறார்கள். உங்கள் வார்த்தையில், உங்கள் வீட்டு வாசலிலிருந்து பதில் எழுதுங்கள். விக்கிபீடியாவிலிருந்து நீலகிரி வரலாற்றை எடுத்து ஒட்டியிருக்கிறீர்களே, அதை எடுத்துவிடுங்கள். அதைத் தேடுகிறவர் விக்கிபீடியாவுக்கே போவார். ஊட்டி, உதகை, உதகமண்டலம் என்று மூன்று விதமாகவும் தேடுகிறார்கள். தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு பக்கம் வையுங்கள்.

மேப் புரொஃபைலில் நேரம், போன் நம்பர், புதுப் படங்கள். தங்கிப் போனவரிடம் ரிவ்யூ கேளுங்கள், கேட்பதில் தப்பில்லை. நாளைக்கே பலன் எதிர்பார்க்காதீர்கள். நான்கு மாதம் முதல் ஒரு வருடம் ஆகும் என்று கூகுள் சொல்லும் கணக்கு. அடுத்த மே மாதத்துக்கு இப்போதே தொடங்கினால் சரியாக இருக்கும்.

*

கேள்வி: ரிவ்யூ ஒன்றுக்கு ரூ.40 என்று 50 ரிவ்யூ போட்டுத் தருகிறார்கள். எல்லோரும் செய்கிறார்களே? (பெயர் வேண்டாம், கொடைக்கானல்)

பதில்: அந்த 50 பேரை நம்பி ரூம் போடப்போகிறவர் எனக்குத்தான் அடுத்த கடிதம் எழுதுவார். இணைய ரிவ்யூக்களுக்கு 2022-ல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐ.எஸ். 19000 என்று ஒரு தரநிலையே கொண்டுவரவேண்டியிருந்தது உங்களைப் போன்றவர்களால்தான்.

*

கேள்வி: எஸ்.இ.ஓ. செய்ய ஆள் கிடைத்துவிட்டார். சொந்தக்காரர் பையன், நல்லவன். பில்லெல்லாம் எதற்கு, ஒப்பந்தமெல்லாம் எதற்கு என்கிறான். கேட்டால் உறவு கெட்டுவிடுமோ? (நர்சரி வைத்திருப்பவர், குன்னூர்)

பதில்: பில் வாங்குங்கள். ஜி.எஸ்.டி. பதிவு இல்லாத சின்ன ஆள் என்றால் வெறும் பில் போதும். பதிவு இல்லாதவர் ஜி.எஸ்.டி. வசூலிக்கக்கூடாது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். மாதம் என்னென்ன பக்கத்தில் என்னென்ன மாற்றினான் என்று ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். எங்கள் ஜாம் தளத்தைக் கட்டி, அந்த டிக்கை எடுக்க மறந்தவனும் சொந்தக்காரர் பையன்தான். நல்லவன். போன தீபாவளிக்குக்கூட வந்து அல்வா சாப்பிட்டுவிட்டுப் போனான்.