‘சனிக்கிழமை மட்டும்தான்!’ – வாசகர் கேள்வி, ஆலோசகர் பதில்

கேள்வி: ஒன்பதாவது படிக்கும் மகனின் சட்டையில் சிகரெட் வாடை. கேட்டால், ‘பக்கத்தில் நின்றவர் பிடித்தார்’ என்கிறான். நம்புவதா? – ஒரு தாய், திருச்செங்கோடு

நிஜமாகவும் இருக்கலாம். டீக்கடை வாசலில் கொஞ்ச நேரம் நின்றாலே சட்டையில் வாடை ஏறிவிடும். சட்டையை விடுங்கள், விரலைப் பாருங்கள். ஆட்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவே ஒட்டிய வாடை எளிதில் போகாது. கூடவே பையில் எப்போதும் புதினா மிட்டாய், பத்து இருபதாகக் காணாமல் போகும் பணம், டியூஷன் முடிந்து வர அரைமணி தாமதம் என்றெல்லாம் இருந்தால் சந்தேகம் நியாயமே.

அடிக்காதீர்கள். அடி வாங்கியவன் ஒளித்துப் பிடிக்கத்தான் கற்றுக்கொள்வான். தனியாக இருக்கும்போது மூன்று விஷயம் கேளுங்கள்: முதலில் கொடுத்தது யார், கடைசியாகப் பிடித்தது எப்போது, காலையில் எழுந்ததும் தேடுகிறதா. மூன்றாவதுதான் முக்கியம். எழுந்த அரைமணிக்குள் தேவைப்பட்டால் உடம்பு நிகோடினுக்கு நன்றாகப் பழகிவிட்டது. டாக்டரிடம் அழைத்துப் போங்கள். நிகோடின் சூயிங்கத்தை நீங்களாக வாங்கிக் கொடுக்க வேண்டாம். சிகரெட் பெட்டியிலேயே அச்சிட்டிருக்கும் 1800-11-2356 இலவச எண், ஆலோசகரிடம் பேசலாம்.

கேள்வி: பத்தாவது படிக்கிறேன். சனிக்கிழமை மட்டும் நண்பர்களோடு ரெண்டு தம். இதெல்லாம் அடிமையாகிறதில் சேராதுதானே? – ஒரு மாணவன், மதுரை

சேரும் தம்பி. தினமும் பிடித்தால்தான் அடிமை என்பது பெரியவர்களை வைத்துப் போட்ட கணக்கு. உன் வயதில் மூளை இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. தினசரிப் பழக்கம் ஆவதற்கு முன்பே சிலருக்கு ஏக்கம் தொடங்கிவிடும். வெள்ளிக்கிழமையே சனிக்கிழமை தம் ஞாபகம் வருகிறதா? அதுதான் அறிகுறி.

இழுத்த நிகோடின் பத்து இருபது நொடியில் மூளைக்குப் போகிறது. ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் ரத்தத்தில் பாதியாகிறது. பழகிய உடம்பில் அந்த இறக்கம் எரிச்சலாக, படிப்பில் மனம் நிற்காததாகத் தெரியும். அடுத்த தம் அதை அடக்கும். ‘டென்ஷன் குறைஞ்சுது’ என்பாய். டென்ஷனைக் கொண்டுவந்ததே முந்தைய தம்தான்!

ஃபில்டரில் உருண்டையை நசுக்கினால் புதினா மணம் வரும் வகையா? அதில் இன்னும் கவனம் தேவை. முதல் தம்மில் வரும் இருமல் உடம்பு காட்டும் எதிர்ப்பு. மெந்தால் தொண்டையைக் குளிரவைத்து அதை மட்டுப்படுத்துவதால் புதியவனும் ஆழமாக இழுக்கிறான்.

நிறுத்தியபின் முதல் இரண்டு மூன்று நாள் கடினம். ஒவ்வொரு ஏக்கமும் சில நிமிடத்தில் தணியும். தண்ணீர் குடி, இடத்தைவிட்டு நகரு. நண்பர்களிடம் காரணம் விளக்காதே, விவாதமாகிவிடும். ‘ஓடினா மூச்சு வாங்குதுடா, வேணாம்’ போதும்.

கேள்வி: எங்கள் பள்ளிக்கு எதிரே பெட்டிக்கடையில் சில்லறையாக சிகரெட் விற்கிறார்கள். யாரிடம் சொல்வது? – ஓர் ஆசிரியை, கடலூர்

2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி 18 வயதுக்குக் கீழானவருக்கு விற்கக்கூடாது. கல்வி நிறுவனத்திலிருந்து 100 கஜத்துக்குள், அதாவது சுமார் 91 மீட்டருக்குள், யாருக்குமே விற்கக்கூடாது. பலரும் கேட்டிலிருந்து தெருவழியே அளந்து கோட்டைவிடுகிறார்கள். சுற்றுச்சுவரின் வெளி எல்லையிலிருந்து நேர்கோட்டில் அளக்க வேண்டும். தடை அறிவிப்புப் பலகை வைப்பது பள்ளியின் பொறுப்பு. முதலில் அது இருக்கிறதா பாருங்கள்.

இதற்கு அபராதம் 200 ரூபாய் வரைதான், கடைக்காரர் சிரித்துக்கொண்டே கட்டிவிடுவார். ஆகவே காவல் நிலைய மனுவில் 2015 சிறார் நீதிச் சட்டத்தின் 77-வது பிரிவையும் எழுதுங்கள். சிறுவருக்குப் புகையிலை கொடுத்தால் 7 ஆண்டு வரை கடுங்காவல், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். நாள், நேரம், அளந்த தூரம், கடையின் படம் சேருங்கள்; மாணவர் முகம் படத்தில் வேண்டாம்.

கேள்வி: கணவர் சிகரெட் வாங்க மகனைத்தான் அனுப்புகிறார். தவறா? – ஒரு வாசகி, தஞ்சாவூர்

தவறுதான். அப்பாவுக்கென்று கேட்டாலும் சிறுவனிடம் விற்பது குற்றம். அதோடு கடைக்காரருக்கு அவன் முகம் பழகிவிடும். நாளை தனக்காகக் கேட்டாலும், ‘அப்பாவுக்கா?’ என்றுகூடக் கேட்காமல் எடுத்துக் கொடுப்பார்.