பியானோ படிக்க வியன்னா வரும் தம்பிக்கு

தம்பி, அக்டோபரில் மயிலாடுதுறையிலிருந்து வியன்னா இசைப் பல்கலைக்கழகத்துக்குப் பியானோ படிக்க வரவிருக்கும் நீங்கள், தங்கும் வீட்டில் எத்தனை மணி நேரம் சாதகம் செய்ய விடுவார்கள் என்றும், படிப்பு முடிந்தபின் கச்சேரி வாசித்தே பிழைக்க முடியுமா என்றும் கேட்டிருந்தீர்கள். வியன்னாவில் பத்தொன்பது ஆண்டுகளாக வாழ்ந்து வரும் நான், ஆடிப்பெருக்குக்காகக் கும்பகோணம் வந்திருக்கும் இந்த வேளையில் இதை எழுதுகிறேன்.

சாதகத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. இரவு 10 மணிக்கு மேல் வாசிக்கக் கூடாது. பகல் நேரத்துக்கும் கட்டுப்பாடு இருக்கலாம் என்பதால், வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் அதைப் படித்துவிடுங்கள். வீட்டில் ஹெட்ஃபோன் மாட்டிய டிஜிட்டல் பியானோ போதும். மற்றதைப் பல்கலைக்கழக அறைகளில் வைத்துக்கொள்ளலாம்.

கச்சேரியை மட்டுமே நம்பி வாழ்பவர்கள் மிகச் சிலர்தான். 1831இல் பாரிசில் குடியேறிய போலந்துப் பியானோ மேதை ஷோப்பானே பொதுமேடையில் அரிதாகத்தான் வாசித்தார். அவருக்குச் சோறு போட்டதில் பெரும்பங்கு மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடத்துக்கு உண்டு. அவர் பெயரால் வார்சாவில் ஐந்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் போட்டியைக் கனவில் சுமந்து வந்த என் வகுப்புத் தோழர்கள் பலர், இன்று ஆசிரியர்களாகவும் பாடகர்களுக்கு வாசிப்பவர்களாகவும் இருக்கிறார்கள். அதை யாரும் தோல்வியாக எண்ண வேண்டாம் என்பதே நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவது.

இசை நாடக அரங்குகளில், இசைக்குழு வந்து சேரும் முன்பு, குழுவின் முழு இசையையும் ஒரே பியானோவில் வாசித்துப் பாடகர்களைத் தயார்படுத்துபவரைக் கொர்ரெபெட்டிட்டோர் என்பார்கள். பாடுபவர் எங்கே மூச்சு எடுப்பார் என்பதை அவருக்கு முன்பே உணர்ந்து கை காத்திருக்க வேண்டிய வேலை அது. நிரவலில் பாடகர் போகும் போக்கைப் பிடித்து மிருதங்கம் பின்தொடர்வதைத் திருவையாற்றுப் பந்தலில் உட்கார்ந்து கேட்டு வளர்ந்த நமக்கு, பக்கவாத்தியத்தின் பெருமையைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. (வெள்ளைக்காரன் வாத்தியம் உனக்கு எதற்கு என்று உறவினர் கேட்டால், இரண்டாம் சரபோஜியின் தஞ்சை அரண்மனையில் ஐரோப்பிய வாத்தியங்கள் ஒலித்ததையும், வயலின் நம் கச்சேரிக்குள் வந்ததும் ஏறக்குறைய அக்காலத்தில்தான் என்பதையும் சொல்லுங்கள்.)

உங்கள் கையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியவில்லை. படிப்பின் இரண்டாம் ஆண்டில், வியன்னா இசையமைப்பாளர் ஷூபர்ட் 1815இல் அமைத்த ஒரு பாடலுக்குத் துணை வாசிக்க ஒப்புக்கொண்டேன். குதிரைப் பாய்ச்சலைக் காட்டுவதற்காக, ஒரு ஸ்தாயி அகலத்துக்கு விரித்த வலக்கையால் ஒரே சுரத்தை ஓயாமல் தட்ட வேண்டிய பாடல் அது. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை எரிந்தபோதும் யாரிடமும் சொல்லாமல் தினமும் எட்டு மணி நேரம் வாசித்தேன். பிறகு ஐந்து மாதம் காப்பி டம்ளரைக்கூட இடக்கையால்தான் எடுத்தேன். நம் ஊர்த் தவில்காரர் விரலுக்குக் கூடு மாட்டிக்கொள்கிறார். பியானோக்காரருக்கு அப்படி ஒரு கவசம் கிடையாது. ஜெர்மன் இசையமைப்பாளர் ஷூமன் வலக்கை பழுதுபட்டதால்தான் மேடைக் கனவைக் கைவிட்டார். வலி தொடங்கும் அன்றே ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள், தம்பி. நவம்பர் முதல் குளிரில் விரல் மரத்துப்போகும். வாசிக்க உட்காரும் முன் வெதுவெதுப்பான நீரில் கையை வைத்திருந்துவிட்டு, நன்றாகத் துடைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, நாகஸ்வரக்காரரைப்போல் நீங்கள் உங்கள் வாத்தியத்தை உறையில் போட்டு எடுத்துச்செல்ல முடியாது. எந்த மண்டபத்தில் எது இருக்கிறதோ அதுதான். வியன்னாவில் 1828இல் தொடங்கிய போசன்டார்ஃபர் என்ற பியானோ நிறுவனத்தின் பெரிய பியானோ ஒன்றில் 88க்குப் பதில் 97 கட்டைகள் உண்டு. கூடுதலான அடிக்கட்டைகளுக்குக் கறுப்பு வண்ணம் பூசியிருந்தும், முதல் முறை என் இடக்கை இடம் தெரியாமல் தடுமாறியது. அதனால் எந்த நிகழ்ச்சிக்கும் அரை மணி முன்பே போய் அந்த வாத்தியத்தோடு பழகிக்கொள்ளுங்கள்.

வந்த முதல் வாரமே பாட்டுத் துறை மாணவர்களிடம் சென்று, துணை வாசிக்கத் தயார் என்று சொல்லுங்கள். அவர்கள் பெரும்பாலும் ஜெர்மன் கவிதைகளைத்தான் பாடுவார்கள் என்பதால், புறப்படுவதற்குள் இருக்கும் இரண்டு மாதத்தில் விரல் பயிற்சிக்குத் தரும் நேரத்தில் ஒரு மணியை எடுத்து அந்த மொழிக்குக் கொடுங்கள்.