அஞ்சல் துறை வேலையை நம்பி மகனைப் படிக்க வைக்கலாமா?

அன்புள்ள அம்மாவுக்கு,

அஞ்சலகங்களில் ஆட்குறைப்பு என்று கேள்விப்பட்டு, பி.காம். இறுதியாண்டு படிக்கும் மகனை நினைத்துக் கலங்கி எழுதியிருக்கிறீர்கள். நம் அஞ்சல் துறையில் நிரந்தர ஊழியரைப் பாதியில் வீட்டுக்கு அனுப்பும் வழக்கம் இல்லை. ஓய்வு பெறுபவரின் இடத்தை நிரப்பாமல் விட்டுவிடுவார்கள். 2001இல், மத்திய அரசுத் துறைகளின் நேரடி நியமனக் காலியிடங்களில் மூன்றில் ஒரு பங்கை மட்டுமே நிரப்பலாம் என்று வந்த உத்தரவு 2009 வரை நீடித்தது. அந்த எட்டு ஆண்டுகளில் அடிபட்டவர்கள் உங்கள் மகனைப் போலக் காத்திருந்த பிள்ளைகள்தான்.

இப்போது சுருங்குவது மேசை வேலை. 2025 ஆகஸ்டில் நாடு முழுவதும் புதிய மென்பொருள் வந்தது. அதே ஆண்டில் பதிவுத் தபால் விரைவுத் தபாலோடு இணைக்கப்பட்டது. பதிவேடு எழுதவும் கணக்குச் சரிபார்க்கவும் முன்போல் ஆட்கள் தேவைப்படாது. பார்சல், சேமிப்புக் கணக்கு, 2018இல் தொடங்கிய அஞ்சல் பேமென்ட்ஸ் வங்கி ஆகியவற்றில்தான் இனி வேலை.

கிராம அஞ்சல் ஊழியர் பணி பற்றிப் பல பெற்றோர் தவறாக எண்ணியிருக்கிறார்கள். இதற்குத் தேர்வு கிடையாது, 10ஆம் வகுப்பு மதிப்பெண் போதும். ஆனால் தினமும் நான்கைந்து மணி நேர வேலை; இப்பணியில் சிறு கிளை அஞ்சலகத்தைக் கவனிக்கும் கிளை அஞ்சல் அதிகாரிக்குத் தொடக்கத்தில் மாதம் 12,000 ரூபாயும் அகவிலைப்படியும். நிரந்தர அரசு ஊழியருக்குரிய ஊதிய விகிதமும் ஓய்வூதியமும் இல்லை. பிறகு துறைத் தேர்வு எழுதித் தபால்காரர் ஆகலாம், அதற்கு ஆண்டுகள் பிடிக்கும். மதிப்பெண் நன்றாக இருந்தால் விண்ணப்பிக்கட்டும். 'அரசு வேலை கிடைத்துவிட்டது' என்று படிப்பை மட்டும் நிறுத்திவிட வேண்டாம்.

உங்கள் மகனுக்கு நான் சொல்வது, மத்திய அரசின் பணியாளர் தேர்வாணையமான எஸ்எஸ்சி நடத்தும் பட்டதாரிகளுக்கான சிஜிஎல் தேர்வை. அஞ்சல் ஆய்வாளர் பதவிக்கும் வருமான வரி, தணிக்கைத் துறைப் பணிகளுக்கும் அந்த ஒரே தேர்வுதான். அஞ்சலில் இடம் குறைந்தாலும் படித்த படிப்பு வீணாகாது. வங்கித் தேர்வுக்கும் அதே கணக்கும் ஆங்கிலமும் பெருமளவு உதவும். கூடவே டேலி என்ற கணக்கு மென்பொருளும் ஜிஎஸ்டி கணக்கும் பழகட்டும். தேர்வுக்குப் படிக்கும் காலத்திலேயே ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் சேர்ந்துவிடலாம். வேலைக்கே போகாமல் வீட்டிலிருந்து படிப்பதை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நீட்டிக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

தம்பிக்குக் கணக்கு எப்படி வரும், வெளிமாநிலத்தில் பணியாற்றச் சம்மதமா என்று அவரையே எழுதச் சொல்லுங்கள். அதைப் பார்த்துப் படிப்பு அட்டவணை போட்டுத் தருகிறேன்.